மினதியின் ஃபோனில் நான் மாற்றிய மொழி

மினதியின் ஃபோனை வாங்கி அதில் மொழியை நான் மாற்றிக் கொடுத்தபோது அவள் தலையாட்டினாள். அது பிடித்துப்போய் ஆட்டிய தலையா, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆபீஸ் பெண் எதிரே நின்று கேட்கிறாளே என்று ஆட்டிய தலையா? மூன்று வருடத்துக்கு மேலாகியும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

போன வாரம் காவ்யா பேசியிருக்காவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவள் அவள். "அக்கா, கார்மெண்ட்ஸ் ஆளுங்களுக்கு நீங்க செஞ்ச பக்கம் இருக்குதுல்லீங்க, அது ஒவ்வொரு தடவையும் எந்த மொழின்னு கேக்குதுங்க. எல்லாரும் சலிச்சுக்கறாங்க. எதுக்குங்க அப்படி வெச்சீங்க? எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டாள். எதற்கு அப்படி வைத்தேன் என்பதை ஃபோனில் சொல்ல முடியவில்லை. பாப்பா வேறு அழுதாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வேலைக்காலத்தை நினைத்து எழுத எனக்கு வயது போதாது. முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஆனால் ஏழு வருடம் வேலை பார்த்தேன், விட்டு மூன்று வருடமாகிறது, திரும்பப் போவேனா என்று தெரியாது. அதனால் அதை முடிந்த காலமாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

பல்லடத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். படித்ததில் பாதி மறந்தபோது வேலை கிடைத்தது. அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடி, ஆறு பேர், எட்டு கம்ப்யூட்டர். பனியன் கம்பெனிகளுக்கு வருகைப் பதிவு, லீவு, சம்பளச் சீட்டு இவற்றையெல்லாம் ஃபோனிலேயே பார்க்கும்படி செய்து தருவது எங்கள் வேலை. முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதிலேயே போயிற்று. சரிபார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கேஸை மூடினோமா என்று இப்போதும் மூன்று முறை போய்ப் பார்ப்பவள் நான்.

எங்கள் முதலாளி தனபால் சாருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன் பல வருடம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். தைத்து வந்த உருப்படிகளை மேசையில் விரித்து, திருப்பி, உள்பக்கம் வெளியே எடுத்து, ஓட்டை இருந்தாலோ கறை இருந்தாலோ அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சார் அந்த வேலையை விட்டார், ஸ்டிக்கரை விடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும். நாங்கள் எழுதிய பக்கத்தைத் திரையில் ஏற இறங்கப் பார்ப்பார். தப்பு இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் கண்ணாடி மேலேயே அம்பை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நாங்கள் சரிசெய்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். பசை போகாது. என் திரையில் எப்போதும் நாலைந்து இடம் மங்கலாகவே இருக்கும்.

யார் செய்த தப்பு என்று கேட்டதே இல்லை. ஒரு முறை நானாகவே, "சார், அது நான்தாங்க" என்றேன். "நானு உன்னைக் கேட்டனா கண்ணு? பீஸப் பாத்து ஒட்றதுதான் எங்க பழக்கம். தெச்ச ஆள் மூஞ்சியப் பாத்து ஒட்றதில்ல" என்றார்.

அவருக்கும் குறைகள் உண்டு. இந்தி ஒரு சொல் வராது. வடமாநிலத்து ஆட்களைக் கண்டால் தமிழையே உரக்க, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். "தம்பீ... சாப்... டா... ச்சா?" என்று அவர் கத்தினால் கீழே பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அந்தத் தம்பி "சாப்பிட்டேங்க சார்" என்று எங்களைவிட நன்றாகத் தமிழில் சொல்வான்.

அருள்புரத்தில் ஒரு கம்பெனி எங்களிடம் ஒரு பக்கம் கேட்டது. தொழிலாளர்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஃபோனில் படம் பிடித்தால் பக்கம் திறக்கும். லீவு எழுதலாம், சம்பளச் சீட்டு பார்க்கலாம், எந்த லைன், என்ன குறை என்று பட்டியலில் அழுத்தி, பெயர் போடாமல் புகாரும் சொல்லலாம். தமிழ், இந்தி, ஒடியா, ஆங்கிலம் என்று நான்கு மொழி. ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் தானாகத் திறக்க வேண்டும் என்றார்கள். அந்தத் "தானாக" என் பொறுப்பு.

கணினி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசர் உங்களுக்குத் தெரியாமலே ஒரு சிறு குறிப்பையும் சேர்த்து அனுப்பும். இவருக்கு முதலில் இந்தி, இல்லையென்றால் ஆங்கிலம் என்பது மாதிரி ஒரு வரிசை. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர் வாசலிலேயே தனக்குச் சர்க்கரை இல்லாத காபி என்று சொல்லிவிட்டு வருவது போல இருந்தது. நான் எழுதிய முறை இதுதான். இதே ஃபோனில் முன்பு மொழி தேர்ந்தெடுத்திருந்தால் அதைக் காட்டு. இல்லையென்றால் பிரவுசரின் குறிப்பைப் பார். அதில் நம்முடைய நான்கில் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள். ஒன்றுமே இல்லையென்றால் தமிழ். தவறாகத் திறந்தால் மாற்றிக்கொள்ள மேலே நான்கு பொத்தான்கள்.

பொத்தான்களை அப்போது பயிற்சிக்கு வந்திருந்த காவ்யா செய்தாள். மொழிக்கு ஒரு கொடி வைத்தால் அழகாக இருக்கும் என்று எங்கோ பார்த்திருக்கிறாள். தமிழுக்கு இந்தியக் கொடி, இந்திக்கு இந்தியக் கொடி, ஒடியாவுக்கும் அதே. சார் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, மிட்டாய் எப்பக் குடுப்பாங்க?" என்றார். மூன்று கொடிக்கும் மூன்று அம்பு.

கொடியை எடுத்து மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே வைத்தோம். பிறகு சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் போய்ச் சோதித்தோம். முதல் ஆள் ஒரு கட்டிங் மாஸ்டர், சொந்த ஊர் காங்கயம் பக்கம். பக்கம் ஆங்கிலத்தில் திறந்தது. "என்ற ஃபோனு இங்கிலீசுங்க, நானு தமிழுங்க" என்று சிரித்தார். பத்துப் பேரில் ஏழு பேருக்கு அப்படித்தான். வாங்கும்போது கடைக்காரர் எதில் வைத்துக் கொடுத்தாரோ அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சேர்க்கும்போது எழுதிய பதிவேட்டையாவது பார்க்கலாம் என்றால், ஆள் கூட்டி வந்த ஏஜெண்டு எல்லோருக்கும் தாய்மொழி இந்தி என்று ஒரே வரியாக எழுதி வைத்திருந்தார். இருக்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்றால் எல்லோரும் இருப்பது அருள்புரத்தில்.

அதனால் நானே மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரையும் கேட்டு, சரியான பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். அப்படித்தான் மினதியிடம் போனேன்.

ஒல்லியான பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். நாலாவது லைனில் டெய்லர். ஒடிசாவிலிருந்து அக்காவோடு வந்திருந்தாள். அக்கா வேறு யூனிட். மினதியின் ஃபோன் முழுக்கத் தமிழில் இருந்தது. கூட வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பழையதாக வாங்கினாளாம். எந்த இடத்தில் எதை அழுத்தினால் என்ன வரும் என்று மனப்பாடமாக வைத்திருந்தாள். பக்கமும் தமிழில் திறந்தது.

"தமிழ் படிப்பியா?" என்றேன்.

"படிக்க வராது அக்கா. படம் பாக்கும்."

நான் வாங்கி ஒடியாவை அழுத்திக் கொடுத்தேன். "இது சரிதானே? இதுவே இருக்கட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "ஏய் மினதி, உங்க ஊரு எழுத்தெல்லாம் வட்டம் வட்டமா முறுக்குப் புழிஞ்ச மாதிரி இருக்குதுடி" என்றாள். "உங்களுது ஜிலேபி" என்றாள் மினதி. எனக்கு அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் கை தயங்குகிறது. கம்பெனியின் எச்.ஆர். மேடம், எந்த மொழியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் நோட்டீஸ் அச்சடிக்க வசதியாக இருக்கும் என்றார். அவர் கேட்டது மொத்தக் கணக்கு மட்டும்தான். கேட்டதோடு கேட்காததையும் சேர்த்துச் செய்வது என் பழக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று லீவு, சம்பளச் சீட்டு, புகார் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் "மொழி" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். சார் பார்த்தார். அம்பு ஒட்டவில்லை. நான் மகிழ்ந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ சிறு வேலைக்காக அதே கம்பெனிக்குப் போனேன். அப்போது எனக்கு மூன்றாவது மாதம். ஆபீசில்கூட இன்னும் சொல்லவில்லை. நாலாவது லைன் வழியாக நடந்தபோது மினதியின் மெஷினில் வேறு யாரோ இருந்தார்கள். அவள் கடைசி மேசையில் நின்றுகொண்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். டெய்லராக இருந்தவளை நூல் வெட்ட விடுவது என்றால் அங்கே எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

லைன் சூப்பர்வைசரிடம் சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"அந்தப் புள்ளைங்களா? என் மேல கம்ப்ளைண்டு எழுதிப்போட்டா மேடம். பாத்ரூம் உடறதில்லியாம், கெட்ட பேச்சுப் பேசறனாம்."

"பேர் இல்லாமத்தானுங்களே வரும்?"

"பேர் எதுக்குங்க? லிஸ்ட்ல நாலாவது லைன், ஒடியான்னு போட்டிருக்குது. எங்க லைன்ல ஒடியா இவ ஒருத்திதானுங்களே. நல்ல சாப்ட்வேருங்க, நீங்க செஞ்சதுங்களா?"

அருள்புரத்திலிருந்து அனுப்பர்பாளையம் வரை பேருந்தில் நின்றபடியே வந்தேன். உட்கார இடம் இருந்தது என்று பிறகுதான் நினைவு வந்தது. அந்தப் புகாரில் அவள் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. பட்டியலில் இருந்ததை நான்கு முறை அழுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். நான் மாற்றாமல் விட்டிருந்தால் அது தமிழ் என்று போயிருக்கும். லைனில் முப்பது தமிழ்ப் பெண்கள். யாரென்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் மாற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பட்டியலை அவளால் படித்திருக்க முடியுமா? புகாரே சொல்லியிருக்க மாட்டாளோ? பேருந்தில் அன்று தொடங்கிய யோசனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என் திரைக்கு முன் உட்கார்ந்து அந்தப் புகார்ப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எப்போதும் ஒட்டுகிறவர், ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒட்டாமலே திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"நானும் பாத்தனே கண்ணு. பாத்துட்டுத்தான உட்டேன்" என்றார். பிறகு, "நாம ஆள் மேல ஒட்டிப்போட்டோம்" என்றார்.

அன்று அவர் டீ குடிக்கப் போகவில்லை. பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்தோம். மறுநாள் காலை அவர் என்னையும் கூட்டிக்கொண்டு எச்.ஆர். மேடம் அறைக்குப் போனார். தாளை மேசையில் விரித்து, துணியைத் தடவுவது போலக் கையால் தடவி, "மொழி" என்ற தலைப்பின் மேல் ஒரு அம்பை ஒட்டினார்.

"என்னங்க சார், ஸ்டிக்கரெல்லாம்?"

"டேமேஜுங்க மேடம். எங்க டேமேஜு. பேர் இல்லாம எழுதலாம்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறோம். பேருதானுங்க இல்ல. ஆளு இதுல இருக்குதுங்க."

மேடம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலைங்களே."

"உங்களுக்குத் தெரியாதுங்க. லைன்ல நிக்கறவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ளைய மெஷின விட்டு எறக்கி நூல் வெட்ட நிறுத்தி வெச்சிருக்கறாரு."

மேடம் முகம் மாறிவிட்டது. "பேரே இல்லியேன்னு நாந்தானுங்க லிஸ்ட அப்படியே லைனுக்கு அனுப்புனேன்" என்றார் மெதுவாக. எங்களைத் திட்டுவார், வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஃபோனை எடுத்து நாலாவது லைனின் வேலையாட்கள் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டத்தை எடுத்தோம். பழைய பதிவுகளிலிருந்தும் அழித்தோம். மொத்தக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு கணக்கு மட்டும் வரும்படி செய்தோம். பக்கத்தை மூடியதும் ஃபோன் மொழியை மறந்துவிட வேண்டும், அடுத்த முறை புதிதாகக் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். காவ்யா எடுத்துவிடட்டுமா என்று கேட்கும் அந்தக் கேள்வி இதுதான். ஃபோனை வாங்கிப் பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியக்கூடாது என்று நினைத்து வைத்தேன்.

பத்து நாளில் மினதி மெஷினுக்குத் திரும்பினாள். சூப்பர்வைசரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அவர் பேச்சைப் பற்றி முன்பே இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சொல்லி யாரும் காதில் வாங்கவில்லையாம். அதனால் நடந்தது முழுக்கக் கெட்டது என்றும் சொல்ல முடியவில்லை. நாலாவது லைன் பெண்கள் அதற்குப் பிறகு கேட்காமலே பாத்ரூம் போனார்கள் என்று எச்.ஆர். மேடம் சொன்னார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மினதியைப் பார்க்கப் போனேன். மன்னிப்பை எந்த மொழியில் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒடியாவில் ஒரு வரியை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. "என்னாலதான்" என்று தமிழில் தொடங்கினேன். அவள் கவனிக்கவில்லை. எந்த மொழி என்று கேட்டு நின்ற பக்கத்தோடு தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, டமில் போடுங்க."

"இப்ப யாருக்கும் தெரியாது மினதி. அந்தக் கட்டத்தை எடுத்தாச்சு. ஒடியாவே வெச்சுக்கலாம்."

"பரவால்ல. டமில் போடுங்க."

"படிக்க வராதுன்னு சொன்னியே?"

"படம் பாக்கும்." பிறகு, நான் இன்னும் தயங்குவதைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, லைன்ல எல்லாருக்கும் டமில். எனக்கும் டமில்."

தமிழை அழுத்திக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி முந்தானையில் துடைத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸில் இருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "வயித்துல பேபியா?" என்றாள். என் ஆபீசில் யாரும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு நான் லீவில் போனேன். போன மாதிரியே நின்றுவிட்டேன். கடைசி நாள் சார் ஸ்டிக்கர் சுருளில் பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "ஊட்ல சமையல்ல ஒட்டிராத கண்ணு, மாப்ள கோவிச்சுக்குவாரு" என்றார். அது இப்போதும் சமையலறை டப்பாவில் இருக்கிறது. மினதி வேறு யூனிட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இருந்த அவள் எண் இப்போது வேறு யாருக்கோ போகிறது.

போன வாரம் பேசியபோது காவ்யா இன்னொன்றும் சொன்னாள். இப்போது பக்கம் திறந்ததும் இரண்டு சொல் பேசினால் போதுமாம், எந்த மொழி என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளுமாம். பொத்தான், கேள்வி எதுவும் தேவையில்லை. "நீங்க கஷ்டப்பட்ட மாதிரி இல்லீங்கக்கா, தப்பே வராது" என்றாள். தப்பே வராது என்பதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. மினதி இரண்டு சொல் பேசினால் அது ஒடியா என்று சரியாகச் சொல்லிவிடும். ஒடியாவில் திறந்தும்விடும். அவள் அன்று கேட்டது ஒடியாவா? ஆனால் நான் வைத்தது போலக் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஆள் உண்மையைச் சொல்கிறார் என்று என்ன நிச்சயம்?

என் பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. எனக்கு அதுவும் கவலை. "பால் வேணுமா?" என்றால் தலையாட்டுவாள். "வேண்டாமா?" என்றாலும் தலையாட்டுவாள். நான் கேட்கும் குரலைப் பார்த்துத்தான் ஆட்டுகிறாளோ என்று சில நேரம் தோன்றும். கேட்காமல் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனால், சில நாள் குடிக்கிறாள், சில நாள் தள்ளிவிடுகிறாள். அப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கத்தை அப்படி எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காவ்யாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் வேறு ஊரில், பிறர் மொழி நடுவே வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். சவுதியிலோ மும்பையிலோ, அல்லது வேறு எங்கிருந்தோ இங்கே வந்தோ இருந்தவர்கள். உங்களிடம் ஒருவர் "உங்களுக்கு எந்த மொழி வேண்டும்?" என்று கேட்டபோது நீங்கள் உண்மையைச் சொன்னீர்களா? சொல்லாமல் வெறுமே தலையாட்டியிருந்தால், கேட்டவர் என்ன செய்திருந்தால் சொல்லியிருப்பீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை தாண்டி வந்தாலும் பரவாயில்லை. காவ்யாவைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறேன்.